ஒன்றரை அடி உயர நடைபாதை: ஒரு பேரூராட்சிக் கடைவீதியின் நிகழ்வு ஆய்வு

இந்த வேலை நடந்தபோது நான் அந்தப் பேரூராட்சிக்குப் பொறியாளர். பக்கத்து இரண்டு பேரூராட்சிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் போட்ட தவறான வரைபடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதைத் திருத்திய வரைபடத்திலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் மற்ற ஊர்களில் இதே வேலையைச் செய்பவர்களுக்குப் பயன்படும். ஊர்ப் பெயரையும் ஆட்களின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன்.

வீதியும் ஊரும்

கொங்குப் பகுதியின் விளிம்பில் உள்ள சிறிய ஊர். சுற்றியுள்ள கிராமங்களுக்கு விதை, உரம், மருந்து, துணி, நகை அடகு எல்லாமே இங்கேதான். செவ்வாய்க்கிழமை சந்தை. வடக்கே பேருந்து நிலையம், தெற்கே சந்தைத் திடல், திடலை ஒட்டி ஓர் ஓடை. இரண்டுக்கும் நடுவே 400 மீட்டருக்குக் கடைவீதி. ஊரின் மொத்த வியாபாரமும் அந்த 400 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

வீதி ஒன்றானாலும் சொந்தக்காரர்கள் பலர். நடுவில் ஓடும் தார், மாவட்ட முக்கியச் சாலை என்பதால் நெடுஞ்சாலைத் துறையுடையது. இருபுறச் சாக்கடையும் தெருவிளக்கும் பேரூராட்சியுடையவை. கம்பங்கள் மின்வாரியத்துடையவை. சாக்கடைக்கு மேல் கிடந்த கடப்பாக்கல் கடைக்காரர்கள் அவரவர் செலவில் போட்டது. அதனால் அது தங்களுடையது என்றே அவர்கள் நம்பினார்கள். ஒரு வகையில் அதில் நியாயமும் உண்டு. நாங்கள் மூடாத சாக்கடையைத்தான் அவர்கள் மூடியிருந்தார்கள்.

சுவருக்குச் சுவர் வீதியின் அகலம் நடுப்பகுதியில் 11.5 மீட்டர். கடப்பாக்கல்லின் மேல் வாழைத்தார், எடைத்தராசு, ரெடிமேட் கடையின் தலையில்லாத பொம்மைகள், சைக்கிள் கடையின் டயர் மாலை. அதற்கு வெளியே, தாரின் மேல், இருபுறமும் சாய்த்து நிறுத்திய இருசக்கர வண்டிகள். அதற்கும் வெளியே பூ, கீரை, பணியாரம் விற்கும் பெண்கள். மீதியிருந்த இடத்தில் பேருந்தும் லாரியும் மனிதர்களும்.

இன்னொன்றும் கண்ணெதிரே இருந்தது. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீதியின் நடுப்பகுதியில் ஒரு பழைய மளிகைக் கடை. அதை நடத்தியவருக்கு எழுபது வயதிருக்கும். "எங்கப்பா காலத்துல ரெண்டு படி ஏறித்தானுங்க கடைக்குள்ள வரணும்" என்று சொல்லி, கதவு நிலையின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். அந்த இரண்டு படிகளும் தாருக்குள் புதைந்திருந்தன. கடையின் தரை சாலையை விட ஒரு விரற்கடை கீழே இருந்தது. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வீதி வளர்ந்திருந்தது. 2021இல் தலைமைச் செயலாளரிடமிருந்தே, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கு முன்பே இங்கே வேண்டிய அளவு உயர்ந்துவிட்டது.

முதல் முடிவு

தொடக்கம் ஒரு விபத்து. பள்ளி விட்ட நேரம். சைக்கிளில் போன ஒரு மாணவி, எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கப் போய், நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டி விழுந்தாள். முன்கை எலும்பு முறிந்தது. பேருந்து அவளை இடிக்கவே இல்லை. அன்று மாலையே சாலை மறியல். மறுவாரம் பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம்.

கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டது "வீதியை அகலப்படுத்துங்கள்". வணிகர்கள், பெற்றோர், கவுன்சிலர்கள், காவல் நிலையம் என்று யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆக்கிரமிப்பை அகற்றி, திறந்த சாக்கடைக்குப் பதிலாகக் கான்கிரீட் வடிகால் கட்டி, அதன் மூடியையே நடைபாதையாக்கி, மீதி இடம் முழுவதும் தார் போடுவது என்று தீர்மானம் ஆனது. ஒரே செலவில் வடிகால், நடைபாதை, அகலம் மூன்றும் கிடைக்கும் என்று நான்தான் மன்றத்தில் விளக்கினேன்.

வடிகாலுக்கு வழக்கமாகப் போடும் அளவையே போட்டேன்: உள்ளே 60 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் ஆழம், மேலே 15 சென்டிமீட்டர் மூடிப் பலகை. தண்ணீர் போய்ச் சேரும் இடம் ஓடையின் சிறுபாலம். அந்த மட்டத்தை மாற்ற முடியாது. அங்கிருந்து வடக்கே வாட்டம் கொடுத்துக்கொண்டு வந்தால் வடிகாலின் அடிமட்டம் தானாக முடிவாகிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், வீதி ஒரே சீராகச் சாயவில்லை. நடுவில் ஏறக்குறைய 150 மீட்டருக்குக் கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்திருந்தது. லெவல், அதாவது இடத்துக்கு இடம் தரையின் உயரம், எடுத்த புத்தகத்தில் அந்த எண்கள் எல்லாம் இருந்தன. ஆனால் நான் அவற்றை வடிகாலின் அடிமட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்தினேன். மூடி எந்த உயரத்தில் வந்து நிற்கும் என்று ஒரு குறுக்குவெட்டுகூட வரைந்து பார்க்கவில்லை. அடிமட்டத்திலிருந்து மூடியின் மேற்பரப்பு 90 சென்டிமீட்டர். தொய்வில் சாலை மட்டமோ அடிமட்டத்திலிருந்து 45 சென்டிமீட்டர்தான். ஆக, நடைபாதை சாலைக்கு மேல் 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரத்தில் வந்து நின்றது. அதன் அகலம் சுவர்களையும் சேர்த்து 90 சென்டிமீட்டர்.

கட்டி முடித்த வாரம், கீரை விற்கும் அம்மா ஒருவர் அதன் அருகில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க சார், இது நடக்கறதுக்கா, இல்ல திண்ணைங்களா?"

மழைக்குப் பிறகு

அவர் கேட்டதற்கு ஊரே பதில் சொன்னது. சாயங்காலம் அதில் உட்கார்ந்தார்கள், யாரும் நடக்கவில்லை. ஏறுவதற்கு ஒரு முழங்கால் உயரம், ஏறினால் இரண்டு பேர் ஒதுங்க முடியாத அகலம், பத்தடிக்கு ஒரு மின்கம்பம் அல்லது விளம்பரப் பலகை. பிறகு யார் ஏறுவார்கள்?

கடைக்காரர்களுக்கு வேறு தலைவலி. வாடிக்கையாளர் சாலையிலிருந்து நடைபாதைக்கு ஏறி, அங்கிருந்து கடைக்குள் இறங்க வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் ஒவ்வொரு கடைக்கு முன்னும் செங்கல் படி முளைத்தது. சிலர் வண்டி ஏற்றச் சாய்தளமும் கட்டினார்கள். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு 12க்கு 1 என்பதுதான் விதிப்படி வாட்டம். 45 சென்டிமீட்டர் ஏற அந்த வாட்டத்தில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அது நடுச்சாலை வரை வரும். அவர்கள் மூன்றடியில் கட்டினார்கள். ஏற முடிந்தது முறுக்கேற்றிய மோட்டார் சைக்கிளால் மட்டுமே. ஆக்கிரமிப்பு என்று ஜேசிபி வைத்து இடித்த படிகள், முன்பிருந்ததை விட வெளியே வந்து உட்கார்ந்துகொண்டன. இந்த முறை அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அகலமான தாரும் நினைத்ததைச் செய்யவில்லை. இருபுறமும் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் இப்போது கார்கள் நின்றன. மத்தியானம் வீதி காலியாக இருக்கும் நேரத்தில் லாரிகள் முன்பை விட வேகமாகப் போயின.

ஐப்பசியில் மழை வந்தது. ஒரே இரவு. மறுநாள் காலை எட்டு மணிக்கு மளிகைக் கடைக்காரர் போன் செய்தார். போய்ப் பார்த்தால் கடைக்குள் கணுக்கால் தண்ணீர். மல்லி மூட்டையும் மிளகாய் மூட்டையும் அடியில் ஊறிக் கிடந்தன. எதிரே உள்ள வடிகாலில் தண்ணீர் பாதிகூட இல்லை. வடிகால் சும்மா இருக்கிறது, கடை மூழ்கியிருக்கிறது.

காரணம் இரண்டு. வடிகாலின் சுவரே சாலைத் தண்ணீருக்கு அணையாகிவிட்டது. சுவரில் விட்டிருந்த துளைகள் பால் பாக்கெட்டும் பாலித்தீனுமாக அடைத்துக்கொண்டன. இன்னொரு பக்கம், கடைச் சுவருக்கும் வடிகாலுக்கும் இடையே ஓர் அடி இடைவெளி இருந்தது. அதை ஒப்பந்ததாரர் அழகாகச் சிமெண்ட் பூசி மூடியிருந்தார். தகரக் கூரைகளிலிருந்து கொட்டிய தண்ணீர் அங்கே தேங்கி, போக வழியில்லாமல் கடைக்குள் போனது.

அந்த வாரம் அரைநாள் கடையடைப்பு நடந்தது. வணிகர்கள் கொடுத்த மனுவில் முதல் வரி, "எங்களுக்குப் பழைய சாக்கடையே போதும்".

நின்று பார்த்தது

செயல் அலுவலர் ஒரு நல்ல காரியம் செய்தார். உடனே இடித்துக் கட்டச் சொல்லவில்லை. "ரெண்டு வாரம் வீதியில நின்னு பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ஜவுளிக்கடைக்காரர்தான் கடையடைப்பை முன்னின்று நடத்தியவர். அவரிடமே கேட்டு, அவர் மாடியில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டோம். காலை எட்டரை முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் ஏழு வரை, அப்புறம் ஒரு செவ்வாய் முழுநாள்.

மாடியிலிருந்து பார்த்தபோது தெரிந்தவற்றில் முக்கியமானவை இவை.

நடப்பவர்கள் தொய்வுப் பகுதியில் முழுக்கச் சாலையில்தான் போனார்கள். இரு முனைகளிலும் நடைபாதை 20 சென்டிமீட்டருக்குள் இருந்தது. அங்கே பலர் மேலே ஏறி நடந்தார்கள், தொய்வு தொடங்கும் இடத்தில் இறங்கினார்கள். அதே வீதி, அதே கூட்டம். உயரம் மாறும் இடத்தில் நடையும் மாறியது. இதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருடமாக நாங்கள் அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

வண்டிகள் ஓடும் அகலத்தையும் அளந்தோம். தார் 9 மீட்டர் இருந்தாலும் இருபுறமும் நிற்கும் வண்டிகள் போகப் பேருந்துக்குக் கிடைத்தது ஐந்தரை மீட்டர்தான். அந்த ஐந்தரைக்குள் ஒரு பேருந்தும் ஒரு லாரியும் மெதுவாக விலகிப் போயின. ஆக, வீதி ஏற்கெனவே ஐந்தரை மீட்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் வண்டி நிறுத்தும் இடம்.

பெண்கள், அதிலும் கையில் குழந்தையும் பையுமாக வருபவர்கள், வீதியை ஒரே இடத்தில் குறுக்கே கடந்தார்கள். பள்ளிக்கும் மருந்துக்கடைக்கும் எதிரே. அங்கே கோடும் இல்லை, வேகத்தடையும் இல்லை. நாங்கள் வெள்ளைக் கோடு போட்டிருந்தது நாற்பது மீட்டர் தள்ளி, வரைபடத்தில் அழகாகத் தெரிந்த இடத்தில்.

தூய்மைப் பணியாளர் ஒருவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். மூடிப் பலகைகளைத் தூக்க ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் வேண்டும், அதனால் யாரும் தூக்குவதில்லை, மண் சேர்ந்துகொண்டே போகும் என்றார். வேலை தொடங்கும் முன் ஒரு தடவையாவது இவரிடம் கேட்டிருக்கலாம்.

சுண்ணாம்புக் கோடு

அடுத்த வடிவமைப்பைக் கான்கிரீட்டில் இறக்குவதற்கு முன் தரையில் வரைந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். சுண்ணாம்புக் கோடு, காவல் நிலையத்தில் இரவல் வாங்கிய சிவப்புக் கூம்புகள், மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பாக்கள். மொத்தமாகப் பார்த்தால் செலவே இல்லை. பத்து நாள் ஓடட்டும், நடுவில் ஒரு செவ்வாயும் வரட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கோட்டின்படி கணக்கு இது: இருபுறமும் கடை ஓரத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளி, அதை ஒட்டி 1.6 மீட்டர் நடைபாதை, நடுவே 5.5 மீட்டர் வண்டிப்பாதை, ஒரு பக்கம் மட்டும் 2.2 மீட்டர் இருசக்கர வண்டி நிறுத்தம். கூட்டினால் 11.5.

நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். இருவழிச் சாலைக்கு 7 மீட்டர் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. புத்தகப்படி அது சரி. நான் அவரை மாடிக்குக் கூட்டிப் போய் அரைமணி நேரம் உட்கார வைத்தேன். 5.5 மீட்டர் என்பது இடைநிலை அகலமாக நெடுஞ்சாலை விதிகளிலேயே இருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது விதியைப் பார்த்து அல்ல என்று நினைக்கிறேன். மாடியிலிருந்து பார்த்தால் அந்த 7 மீட்டர் எங்குமே கண்ணில் படவில்லை.

கோடு போட்டதன் பலன் மூன்றாம் நாளே தெரிந்தது. பேருந்து நிலைய முனையில் மினிபஸ் திரும்பவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்து, "பின் சக்கரம் உங்க டப்பா மேல ஏறும் சார், நாளைக்கு அங்க ஆள் நிப்பாங்க" என்றார். வண்டி நிறுத்தத்தை அந்த முனையில் பத்து மீட்டர் முன்னதாகவே முடித்துத் திருப்பத்துக்கு இடம் விட்டோம். கான்கிரீட்டில் கண்டுபிடித்திருந்தால் இன்னொரு கடையடைப்பு நடந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வடிகாலை முழுவதும் இடிக்கவில்லை. தொய்ந்த 150 மீட்டரை மட்டும் மாற்றினோம். அடிமட்டத்தைத் தொட முடியாது, மூடியைக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படியானால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவதுதான் வழி. 60க்கு 75 என்றிருந்த உள்ளளவு 130க்கு 35 ஆனது. தண்ணீர் போகும் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ அதேதான், 0.45 சதுர மீட்டர். சுவர்களையும் சேர்த்து மேலே கிடைத்த அகலம் 1.6 மீட்டர். ஆழம் குறைந்ததால் நடைபாதை தாழ்ந்தது, அதே காரணத்தால் அகலமும் ஆனது. முதல் முறையே இதைச் செய்திருக்கலாம். வழக்கமான அளவு என்று ஒன்று இருந்ததால் யோசிக்கவே இல்லை.

ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) அமைப்பின் 103ஆம் எண் விதிப்படி தடையில்லாமல் நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். 20 சென்டிமீட்டர் குறைகிறது என்பதை மன்றத் தீர்மானத்திலேயே எழுதிவைத்தோம். வண்டிப்பாதையில் எடுத்தால் பேருந்து சிக்கும், வண்டி நிறுத்தத்தில் எடுத்தால் பின்சக்கரங்கள் பாதைக்குள் நீட்டும். கடை ஓர இடைவெளியை எடுத்தால் மறுபடி தண்ணீர் உள்ளே போகும்.

சாலை மட்டத்தை 8 சென்டிமீட்டர் சுரண்டி எடுக்க நெடுஞ்சாலைத் துறை சம்மதித்தது. அடுத்த தார் போடும் முறை எப்படியும் வரவிருந்ததால் இது சாத்தியமானது. மூடியின் புது உயரம் அடிமட்டத்திலிருந்து 50 சென்டிமீட்டர், சுரண்டிய சாலை 37. ஆக, விளிம்பு உயரம் 13 சென்டிமீட்டர். விதி 15க்குள் இருக்கச் சொல்கிறது. 13 ஏறுவதற்கு 12க்கு 1 வாட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சாய்தளம் போதும். சந்து முனைகளில் அதைக் கட்டினோம்.

கடைச் சுவரோர இடைவெளியை இந்த முறை மூடவில்லை. ஜல்லி போட்டு, இரண்டு மீட்டருக்கு ஒரு துளை வைத்து வடிகாலுக்குள் விட்டோம். கூரைத் தண்ணீருக்கு அதுதான் வழி. சாலைத் தண்ணீருக்குச் சுவரில் துளை வைக்காமல் விளிம்போரத்தில் இரும்புக் கம்பிச் சட்டம் பதித்தோம். மூடிகளை இரண்டு பேர் தூக்கும் அளவில் சிறு பலகைகளாக வார்த்தோம். 35 சென்டிமீட்டர் ஆழம் என்பதால் மேலே நின்றபடியே மண்வெட்டியால் வாரிவிடலாம், யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை.

பள்ளி எதிரே பெண்கள் கடக்கும் இடத்திலேயே மேடைக் கடப்பு கட்டினோம். ஊர்க்காரர்கள் கேட்டது வேகத்தடை, அதுவும் நான்கு. நம் ஊர்களில் வேகத்தடை என்றால் ஒரு இரவில் ஜல்லியும் தாரும் கொட்டி மேடாக்குவது. விதிப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிச் சீராக இருந்தால் வேகம் குறையும், இடுப்பு ஒடியாது. நாங்கள் அதே 10 சென்டிமீட்டரில், மேலே சமதளமாக, இருபுறமும் சரிவோடு ஒன்றே ஒன்று கட்டினோம். மேடு தண்ணீரை மறிக்கும் என்பதால் அதற்கு முன்னாலேயே ஒரு கம்பிச் சட்டம். ஒரு தடவை சுட்டுக்கொண்டதால் இது ஞாபகம் வந்தது.

பூக்காரர்களும் மேற்கு வெயிலும்

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியும் வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் ஊரில் குழு காகிதத்தில் இருந்தது, கூடியதில்லை. முதல் முறை ஆக்கிரமிப்பு அகற்றியபோது இந்தப் பெண்களையும் சேர்த்தே எழுப்பியிருந்தோம். அது தவறு மட்டுமல்ல, சட்டப்படியும் செல்லாது.

இந்த முறை குழுவைக் கூட்டினோம். வண்டி நிறுத்தத்தை மேற்கு ஓரத்தில் வைத்தோம். கிழக்கு ஓரத்தில் மூன்று சந்து முனைகளில் நான்கடிக்கு ஐந்தடி கட்டங்கள் வரைந்து ஆளுக்கொன்று கொடுத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த பத்து நாளும் வானம் மூடியிருந்ததால் எந்தக் குறையும் தெரியவில்லை.

கோடு பெயிண்டான பிறகு, ஒரே வாரத்தில் அத்தனை பேரும் பழைய மேற்கு ஓரத்துக்கே திரும்பிவிட்டார்கள். மோட்டார் சைக்கிள்களுக்கு இடையே கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பூக்கட்டும் அம்மா ஒருவர் நாரைப் பல்லில் கடித்தபடி, கிழக்கு ஓரத்தில் கிடந்த காலிக் கட்டத்தைக் காட்டினார். மணி நான்கரை. கட்டம் முழுக்க வெயில். "அங்க வச்சா மல்லி அஞ்சு மணிக்கே பழுத்துருமுங்க. விக்கறதே அஞ்சுக்கு மேலதான்."

வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. சாயங்காலம் மேற்கு ஓரக் கட்டடங்களின் நிழல் மேற்கு ஓரத்தில்தான் விழும். அவர்கள் தலைமுறையாக அங்கே உட்கார்ந்ததற்குக் காரணம் பழக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழுக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "காலையில பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டீங்க. அப்ப அந்தப் பக்கம் நெழலாத்தான இருந்துது" என்றார் பக்கத்திலிருந்தவர்.

நல்லவேளையாக இது பெயிண்ட். இரண்டு ஓரங்களையும் இடம் மாற்றினோம். வண்டிகள் கிழக்கே போயின, கட்டங்கள் மேற்கே வந்தன. இப்போது சீட்டு சுடுகிறது என்று வண்டிக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். அதற்கு ஒரு துணி போதும்.

ஓராண்டு கழித்து

அடுத்த ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீர் எந்தக் கடைக்குள்ளும் போகவில்லை. கூரைத் தண்ணீர் மட்டும் இரண்டு கடைகளில் கசிந்தது. அவற்றில் ஒன்று மளிகைக் கடை. சாலையைச் சுரண்டிய பிறகும் அந்தக் கடையின் தரை நடைபாதையை விடச் சில சென்டிமீட்டர் தாழ்வு. அவர் வாசலில் ஒரு சின்ன மேடு கட்டிக்கொண்டார். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்கியிருக்கிறார். அந்தக் கடைக்கு என்னால் வேறு வழி சொல்ல முடியவில்லை.

தொய்வுப் பகுதியில் மக்கள் நடைபாதையில் நடக்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் மாடியில் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. செங்கல் படிகளைக் கடைக்காரர்கள் தாங்களே எடுத்துவிட்டார்கள். யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. தேவை போனதும் படியும் போனது. விபத்து குறைந்ததா என்று கேட்கிறார்கள். ஒரு வீதியின் ஓராண்டை வைத்து அதைச் சொல்வது நேர்மையாகாது. பேருந்துகள் மெதுவாகப் போகின்றன, அது மட்டும் உறுதி.

சரியாகாதவையும் உண்டு. எட்டு மாதத்துக்குள் கடைப் பொருட்கள் மறுபடி நடைபாதைக்கு வந்துவிட்டன. முன்பளவுக்கு இல்லை, ஆனால் ரெடிமேட் கடையின் பொம்மைகள் வந்துவிட்டன. வணிகர் சங்கமே ஒரு கோட்டைப் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. பாதிப் பேர் மதிக்கிறார்கள். கார் நிறுத்தத்தைச் சந்தைத் திடலுக்கு மாற்றினோம். செவ்வாயன்று திடல் சந்தைக்குப் போய்விடுவதால் அன்று மட்டும் வீதி பழைய கதைதான். நடைபாதை நடுவே நின்ற ஏழு கம்பங்களில் ஐந்தை மின்வாரியம் நகர்த்தியது. இரண்டு அப்படியே நிற்கின்றன. குடிநீர்க் குழாய் உடைப்புக்காக ஓர் இடத்தில் பலகைகளைப் பெயர்த்தார்கள், திரும்பப் பதித்தபோது ஒன்று ஆடுகிறது. அதில் கால் வைத்தால் டொக் என்று சத்தம் வரும்.

நான் எதிர்பார்க்காத பெரிய குறை வண்டல். அகலமான, ஆழம் குறைந்த வடிகாலில் மழையில்லாத நாட்களில் ஓடும் கொஞ்சத் தண்ணீர், தரை முழுக்கப் பரவி மெல்லிய படலமாகப் போகிறது. வேகமில்லை, அதனால் மண் தங்குகிறது. முன்பு வருடத்துக்கு ஒரு முறை தூர் வாரினால் போதும் என்று நினைத்த இடத்தில் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வார வேண்டியிருக்கிறது. பலகை சிறியதாக இருப்பதால் வாருகிறார்கள். ஆள் குறையும் மாதங்களில் தள்ளிப்போகிறது.

மறுபடி செய்தால்

வடிகாலின் தரையைத் தட்டையாக வைக்க மாட்டேன். நடுவில் ஒரு ஜாண் அகலத்துக்குப் பள்ளம் வைத்து வார்ப்பேன். கொஞ்சத் தண்ணீரும் அதற்குள் சேர்ந்து வேகமாக ஓடி மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும். பழைய கட்டுமானங்களில் இது உண்டு. எனக்குத் தெரிந்தும் அவசரத்தில் விட்டுப்போனது.

வரைபடம் போடும் முன் பத்து மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு வரைவேன்: கடைத் தரை, நடைபாதை, சாலை விளிம்பு, சாலை நடு, எதிர்க்கடைத் தரை. ஒரு நாள் வேலைதான். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்ததில் ஊருக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.

விற்பனைக் குழுக் கூட்டத்தை வியாபாரம் நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்திலேயே வைப்பேன். தூய்மைப் பணியாளர்களையும் மினிபஸ் ஓட்டுநரையும் முதல் கூட்டத்துக்கே அழைப்பேன். கம்பம் நகர்த்தும் பணத்தை வேலை தொடங்கும் முன்பே கட்டி, கம்பம் நகர்ந்த பிறகுதான் பலகை பதிக்க விடுவேன்.

இன்னொன்றைச் செய்துவைத்தோம். சுரண்டிய சாலையின் மட்டத்தை அடையாளமாக மளிகைக் கடையின் பக்கவாட்டுக் கல்லில் உளியால் ஒரு கோடாக வெட்டி, தேதியோடு அளவையும் பொறித்தோம். அடுத்த முறை தார் போட வருபவர்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு கடிதம் போயிருக்கிறது. இப்போது எனக்கு வேறு ஊருக்கு மாறுதல். அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தி விளிம்பு உயரத்தை டேப் வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது 13 சென்டிமீட்டர். மளிகைக் கடைக்காரரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.